கீழே கையெழுத்துப் போட்டவர்: ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைனும் உயிரின் விலையும்

1

பொதுக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கிளெய்ம் கோப்பு பார்க்கும் குமாஸ்தாவாக நான் சேர்ந்த புதிதில் இலாகாப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்தது. இந்தியக் கடல் காப்பீட்டுச் சட்டம், 1963. அதன் கடைசிப் பக்கங்களில் பாலிசிப் படிவம் ஒன்று ஒட்டியிருக்கும். கடல், போர்க்கப்பல், தீ, எதிரி, கடற்கொள்ளையர், திருடர், சரக்கைக் கடலில் எறிதல், அரசர்கள் இளவரசர்களின் தடுப்புக்காவல் என்று ஆபத்துகளை மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே போகும். ஏதோ காப்புக் கட்டுகிற மந்திரம் மாதிரி இருந்தது. குடியரசு நாட்டின் சட்டத்தில் இளவரசர்களுக்கு என்ன வேலை என்று பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டேன். 'அப்படியே உருப்போடுங்க சார், அர்த்தமெல்லாம் கேக்காதீங்க' என்றார்.

அர்த்தம் பிற்பாடுதான் தெரிந்தது. நம்முடைய 1963ஆம் வருஷத்துச் சட்டம் பிரிட்டனின் 1906ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பின்பற்றியது. அந்தச் சட்டம் எடுத்துக்கொண்ட படிவமோ 1779இல் லண்டன் லாயிட்ஸ் கூடத்தில் பொது மாதிரியாக ஏற்கப்பட்டது. ஆக, நான் உருப்போட்டது அடிமை வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலத்து வாசகம். அந்தப் படிவம் ஏற்கப்பட்ட காலத்தில் லாயிட்ஸில் மேலெழுந்து வந்துகொண்டிருந்தவர் ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன். 'லாயிட்ஸின் தந்தை' என்று பிரிட்டிஷ்காரர்கள் எழுதிவைத்திருக்கும் ஆள். இந்தக் கட்டுரை அவருடைய வாழ்க்கையைப் பற்றியது; அவர் கையெழுத்துப் போட்ட வகையான தாள்களில் பெயரே இல்லாமல் போனவர்களைப் பற்றியதும்கூட.

ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கர்ஸ்டைன் நல்லவரா கெட்டவரா என்பது என்னுடைய கேள்வி அல்ல. அதற்குப் பதில் தேடினால் இரண்டு பக்கமும் சாட்சி கிடைக்கும், விவாதம் முடியாது. மனித உயிரைச் சரக்காக எழுதிக்கொள்ள ஒரு தாளுக்கு எப்படி முடிந்தது, அப்படி எழுதும்போது எந்த இடத்தில் அதற்குக் கை நடுங்கியது என்பதே நாம் பார்க்க வேண்டியது.

2

ஆங்கர்ஸ்டைன் ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். பிறந்த வருஷம் 1735 என்று பொதுவாகச் சொல்வார்கள். தகப்பன் யார் என்பதில் லண்டனில் ஏகப்பட்ட கிசுகிசு. ரஷ்யப் பேரரசி பெற்ற பிள்ளை என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். ரஷ்யாவோடு வியாபாரம் செய்துவந்த தாம்சன் என்ற வணிகர் அவரைப் பதினைந்து வயது வாக்கில் லண்டனுக்கு வரவழைத்துத் தன் கணக்கு அலுவலகத்தில் உட்கார வைத்தார். குலம் கோத்திரம் தெரியாத அந்நிய நாட்டுப் பையன். பூர்வீக நிலமும் பட்டமும்தான் மனிதனை மனிதனாக்கும் என்றிருந்த சமூகத்தில், கணக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மேலே ஏறினார். அவர் ஏறிய ஏணிதான் காப்பீடு.

லாயிட்ஸ் என்பது இன்றைய அர்த்தத்தில் ஒரு கம்பெனி அல்ல. எட்வர்ட் லாயிட் என்பவர் நடத்திய காப்பிக்கடை அது. 1680-களில் டவர் தெருவில் இருந்து, 1691இல் லம்பார்டு தெருவுக்கு மாறியது. கப்பல் சொந்தக்காரர்கள், மாலுமிகள், வணிகர்கள் அங்கே வந்து உட்காருவார்கள். எந்தக் கப்பல் எங்கே போகிறது, எது வந்து சேர்ந்தது, எது காணாமல் போனது என்ற சேதியெல்லாம் அங்கேதான் கிடைக்கும். சேதி இருக்கிற இடத்தில் பந்தயம் இருக்கும். பந்தயத்துக்குக் கொஞ்சம் ஒழுங்கு வந்தால் அதன் பெயர் காப்பீடு.

நடைமுறை இதுதான். பேச்சுக்கு ஒரு கணக்கு: கப்பலும் சரக்கும் சேர்ந்து 10,000 பவுண்டு மதிப்பு. பிரீமியம் நூற்றுக்கு 5 பவுண்டு. தரகர் ஒரு தாளில் கப்பலின் பெயர், கேப்டனின் பெயர், பயணம், சரக்கு, மதிப்பு எல்லாம் எழுதிக்கொண்டு மேஜை மேஜையாகப் போவார். பணம் உள்ளவர்கள் அந்த வாசகத்துக்குக் கீழே ஆளுக்கு ஒரு தொகையைக் குறித்துக் கையெழுத்துப் போடுவார்கள். கீழே எழுதுகிறவர் என்பதால் 'அண்டர்ரைட்டர்'. 50 பேர் ஆளுக்கு 200 பவுண்டுக்குக் கையெழுத்துப் போட்டால் 10,000 நிறைந்துவிடும். கப்பல் ஒழுங்காக வந்துவிட்டால் ஆளுக்கு 10 பவுண்டு லாபம். மூழ்கினால் ஆளுக்கு 200 பவுண்டு கொடுக்க வேண்டும். ஒருவர் இதே மாதிரி 100 கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டு அதில் 4 மூழ்கினால், 1,000 வாங்கி 800 கொடுத்து 200 மிச்சம். எந்தக் கப்பல் மூழ்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. எத்தனை மூழ்கும் என்று உத்தேசமாகத் தெரிந்தால் போதும்.

இதன் அழகை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே புயலில் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வருவதை இது தடுத்தது. ஒருவன் தலையில் விழுகிற இடியை ஐம்பது பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆனால் கவனியுங்கள், இந்தக் கணக்குக்குள் கப்பல் ஒரு கப்பலாக இல்லை. எதை ஏற்றிக்கொண்டு எங்கே போகிறது என்பதெல்லாம் நூற்றுக்கு இத்தனை என்ற ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிட்டது. மார்க்ஸ் பண்டத்தைப் பற்றிச் சொல்லும்போது, அதன் உடலிலிருந்து மதிப்பு கழன்றுபோவதைக் காட்டுவார். காப்பீட்டில் இன்னும் ஒரு படி மேலே: பண்டம் கடலுக்கடியில் போன பிறகும் மதிப்பு மட்டும் லண்டனில் உயிரோடு இருக்கிறது.

1720ஆம் வருஷத்துச் சட்டம் கடல் காப்பீடு செய்ய இரண்டே இரண்டு கம்பெனிகளுக்கு மட்டும் உரிமை கொடுத்திருந்தது. ஆனால் தனிநபர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் செய்வதை அது தடுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் லாயிட்ஸ் வளர்ந்தது. 1760-களில் அங்கே சூதாட்டம் அளவுக்கு மீறிப் போனபோது, 'ஒழுங்கான' ஆட்கள் பிரிந்து தனிக்கூடம் தொடங்கினார்கள். 1771இல் 79 பேர் ஆளுக்கு 100 பவுண்டு போட்டு அதை அமைப்பாக்கினார்கள். 1774இல் அது ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டிடத்துக்குப் போனது. அந்த இடத்தைப் பேசி முடித்ததில் ஆங்கர்ஸ்டைனுக்குப் பெரிய பங்கு. 1790 முதல் 1796 வரை அவரே நிர்வாகக் குழுவின் தலைவர். அவர் முதல் கையெழுத்துப் போட்ட பாலிசிகளுக்கு மார்க்கெட்டில் தனி மரியாதை. அவற்றுக்கு 'ஜூலியன்' என்றே பெயர் வந்துவிட்டது. அவர் போட்டிருந்தால் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். நம்பிக்கை என்பதே ஒரு முதலீடாக மாறுகிற கட்டம் இது.

3

சரி, அந்தக் கப்பல்களில் என்ன இருந்தது?

சர்க்கரை, ரம், மரம், துணி, வெள்ளி. அப்புறம் மனிதர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தில் முன்னணியில் நின்ற நாடு பிரிட்டன். ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், அங்கிருந்து கரீபியத் தீவுகளுக்குப் போய், சர்க்கரையோடு லண்டனுக்கோ லிவர்பூலுக்கோ திரும்புவதற்குள் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். இவ்வளவு நீண்ட, இவ்வளவு ஆபத்தான பயணத்துக்குக் கடனும் காப்பீடும் இல்லாமல் எவரும் முதல் போட மாட்டார்கள். அடிமை முறையின் லாபத்தோடு பிரிட்டிஷ் முதலாளித்துவத்தின் எழுச்சியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று டிரினிடாட்டின் வரலாற்றாசிரியர் எரிக் வில்லியம்ஸ் 1944இலேயே வாதாடினார். அந்தச் சங்கிலியில் வங்கியோடு காப்பீட்டு அலுவலகமும் ஒரு கண்ணி.

பாலிசித் தாளில் மனிதர்களும் மதிப்புக் குறிக்கப்பட்ட சரக்குதான். ஆனால் மற்ற சரக்குக்கு இல்லாத சிக்கல் ஒன்று இந்தச் 'சரக்கு'க்கு இருந்தது. சர்க்கரை மூட்டை பட்டினி கிடக்காது, கலகம் செய்யாது, கடலில் குதிக்காது. இதையெல்லாம் செய்கிற சரக்கை எந்த ஆபத்தின் கீழே எழுதுவது?

1781இல் ஜான் வெஸ்கெட் என்பவர் காப்பீட்டுச் சட்டம், நடைமுறை பற்றிய ஒரு பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார். அதில் அவர் இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்கிறார். கலகத்தை அடக்குவதற்காக அடிமைகளைக் கொன்றாலோ கடலில் எறிந்தாலோ காப்பீட்டாளர் பணம் கொடுக்க வேண்டும். இயற்கை மரணத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை. இயற்கை மரணம் என்றால் என்ன? நோய் வந்து சாவது மட்டுமல்லவாம். நம்பிக்கையிழந்து தன்னைத்தானே மாய்த்துக்கொள்வதும் அதில் அடங்கும். அதாவது, சங்கிலியில் கிடப்பவன் மனமுடைந்து சாவது, பழம் அழுகுவதைப் போல அந்தச் சரக்கின் சுபாவம்! முதல் தடவை படித்தபோது இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

அதே 1781ஆம் வருஷம் நவம்பர் கடைசியில் 'ஸோங்' என்ற கப்பலில் நடந்ததைப் பலர் அறிந்திருப்பீர்கள். 442 பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கப்பல். ஜமைக்காவைத் தாண்டிப் போய் வழி தவறியது, நோய் பரவியது, தண்ணீர் போதாது என்று சொல்லி, உயிரோடிருந்த சுமார் 130 பேரைக் கடலில் தூக்கிப் போட்டார்கள். நோயில் செத்தால் பணம் வராது. மற்றதைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் எறிந்த 'சரக்கு' என்றால் தலைக்கு 30 பவுண்டு வரும். உரிமையாளர்களான லிவர்பூல் கூட்டாளிகள் கிளெய்ம் போட்டார்கள். 1783 மார்ச்சில் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மே மாதம் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு முன்னால் மேல்விசாரணை. குதிரைகளைக் கடலில் எறிந்த மாதிரிதான் ஜூரி இந்த வழக்கைப் பார்த்தது என்று அவர் குறிப்பிட்டார். மழை பெய்த பிறகும் எறிந்திருக்கிறார்கள் என்பது வெளியே வந்ததால் மறு விசாரணைக்கு உத்தரவானது. யாரும் கொலைக் குற்றத்துக்காகக் கூண்டில் ஏறவில்லை. ஒரு காலத்தில் தானே அடிமையாக இருந்த ஒலாடா இக்வியானோ ஓடிப்போய் கிரான்வில் ஷார்ப்பிடம் இதைச் சொன்னதால்தான் இது அடிமை ஒழிப்பு இயக்கத்தின் கைக்கு வந்தது.

இந்த ஸோங் பாலிசி லிவர்பூலில் எழுதப்பட்டது. லாயிட்ஸுக்கோ ஆங்கர்ஸ்டைனுக்கோ அதில் சம்பந்தமில்லை. ஆவேசத்தில் எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிடுவது நமக்கும் சுலபம், அதனால் சொல்கிறேன். தனிமனிதர்களை விடுங்கள். அந்தக் காலத்து எந்த மேஜையில் எழுதியிருந்தாலும் தாளின் தர்க்கம் ஒன்றுதான்.

ஸோங் அளவுக்குப் பேசப்படாத இன்னொரு வழக்கு இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 1785, ஜோன்ஸ் எதிர் ஷ்மோல். ஓர் அடிமைக் கப்பலில் கலகம் வெடித்து அடக்கப்பட்டது. பலர் செத்தார்கள். கலகத்தால் வந்த நஷ்டத்துக்குக் காப்பீடு உண்டு. ஆனால் யார் யாரெல்லாம் 'கலகத்தால்' செத்தவர்கள்? ஜூரி உட்கார்ந்து பிணங்களைத் தரம் பிரித்தது. கலகத்தில் சுடப்பட்டும் வெட்டுப்பட்டும் செத்தவர்கள்: பணம் உண்டு. அப்போது பட்ட அடியால் பிற்பாடு செத்தவர்கள்: வேறு காரணம் சேர்ந்திருந்தாலும் பணம் உண்டு. உடம்பில் அடிபடாமல், உப்புத் தண்ணீரைக் குடித்துச் செத்தவர்கள், கடலில் குதித்தவர்கள், தோற்றுப்போன கசப்பில் மனம் புழுங்கிச் செத்தவர்கள்: பணம் கிடையாது.

இதைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். துப்பாக்கிக் குண்டில் செத்தவன் சரக்கு. அவனுக்கு விலை கிடைக்கிறது. கசப்பில் செத்தவனுக்கு விலை இல்லை. ஏன் இல்லை? அவன் தானாக முடிவெடுத்தான். சரக்குக்கு முடிவெடுக்கிற சக்தி கிடையாது. பணம் கொடுக்க மறுப்பதற்காக, காப்பீட்டாளரின் வக்கீல் தன்னையறியாமல் ஒரு பெரிய உண்மையை ஒப்புக்கொள்கிறார்: இவர்களுக்கு மனம் இருக்கிறது, அது கசக்கிறது, அந்தக் கசப்பே இவர்களைக் கொல்கிறது. அந்தக் காலத்துக் காப்பீட்டு ஆவணங்களில் நான் பார்த்தவரை, ஆப்பிரிக்கர்கள் மனிதர்களாகத் தலைகாட்டுவது இந்த மாதிரி விலக்குகளில்தான். எதற்குப் பணம் உண்டு என்ற பட்டியலில் அவர்கள் பண்டம். எதற்குப் பணம் இல்லை என்ற பட்டியலில் மனிதர்கள்.

1788இல் டோல்பன் சட்டம் கப்பலின் கொள்ளளவுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு கட்டியது. அதையும் அதைத் தொடர்ந்த சட்டங்களையும் சேர்த்து, இயற்கை மரணத்துக்கோ, கொடுமையால் வந்த சாவுக்கோ, கடலில் எறிந்ததற்கோ காப்பீட்டுப் பணம் கேட்க முடியாது என்று பாராளுமன்றம் ஆக்கியது. 'கொல்லாதே' என்று சொல்லவில்லை பாருங்கள். 'கொன்றால் பணம் வராது' என்றுதான் சொன்னது. இருந்தாலும் இது ஒன்றுமில்லாத விஷயம் அல்ல. காப்பீட்டின் மொழியில் எழுதினால்தான் வியாபாரியின் காதில் விழும் என்பது அன்றைய சீர்திருத்தவாதிகளுக்குத் தெரிந்திருந்தது.

4

இனி ஆங்கர்ஸ்டைனின் இரண்டு கைகளைப் பார்க்கலாம்.

ஒரு கை: அவர் வாழ்ந்த காலத்து லாயிட்ஸின் தொழிலில் அடிமைக் கப்பல்களும், அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. அவருடைய சொத்தில் எவ்வளவு பங்கு அதிலிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட முடியாது. காப்பீட்டின் வேலையே எல்லா ஓடைகளையும் ஒரே குளத்தில் கலக்குவதுதானே. ஆனால் கிரனடா தீவின் தோட்டங்களுக்கும் அங்கிருந்த அடிமைகளுக்கும் அவர் டிரஸ்டியாக இருந்தார் என்பது பதிவாகியிருக்கிறது. அவர் கையெழுத்துக்குக் கீழே தாள் மட்டுமல்ல, ஆட்களும் இருந்தார்கள்.

இன்னொரு கை: 1786இல் லண்டன் தெருக்களில் பட்டினி கிடந்த கறுப்பின ஏழைகளுக்கு உதவ ஒரு குழு அமைந்தது. கீழ்த்திசைக் கப்பல்களில் வேலை செய்து லண்டனில் கைவிடப்பட்டுக் கிடந்த லஸ்கர்களுக்காக, அதாவது நம் பக்கத்துக் கடலோடிகளுக்காக, எழுந்த வேண்டுகோளில் தொடங்கியது அந்தக் குழு. அமெரிக்கப் போரில் பிரிட்டன் பக்கம் நின்று விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்களும் அங்கே இருந்தார்கள். அந்தக் குழுவில் ஆங்கர்ஸ்டைனும் ஒருவர். அதே குழுவின் முயற்சியில்தான் 1787இல் ஒரு கூட்டம் சியரா லியோனுக்குக் கப்பலேற்றப்பட்டது. லைஃப்போட் கட்டுவதற்கு லாயிட்ஸ் பணம் ஒதுக்கவும் அவர் முன்கை எடுத்தார். லண்டனில் பெண்களைக் கத்தியால் குத்திக்கொண்டு திரிந்த ஆளைப் பிடித்துக் கொடுத்தால் 100 பவுண்டு என்று 1790இல் அறிவித்தவரும் இவர்தான்.

'ஆஹா, இதுதான் இரட்டை வேடம்' என்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு கைக்கும் ஒரே மனசுதான். தெருவில் கண்ணெதிரே கிடக்கிற கறுப்பன் ஒரு மனிதன். அவனுக்கு ரொட்டி கொடுக்கலாம். தாளில் இருக்கிறவன் நூற்றுக்கு இத்தனை; அவனுக்கு ரொட்டி கொடுப்பது எப்படி? அந்த மனிதரின் ஈரம் அவ்வளவும் உண்மையாக இருந்தாலும்கூட அது தாளுக்குள் போக வழி கிடையாது. தாள் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. வேடம் என்றால் கலைத்துவிடலாம். அமைப்பை அப்படிக் கலைக்க முடியுமா?

அவர் சேர்த்த ஓவியங்களின் கதை இதோடு ஒட்டியது. பால் மால் தெரு 100ஆம் எண் வீட்டில் ரஃபேல், டிஷியன், ரூபென்ஸ், ரெம்பிராண்ட், கிளாட் என்று ஐரோப்பிய ஓவிய மேதைகளை மாட்டி வைத்திருந்தார். ஓவியர் தாமஸ் லாரன்ஸ் அவருக்கு நண்பர், ஆலோசகரும்கூட. பிரெஞ்சுப் புரட்சியில் சிதறிய ஆர்லியன்ஸ் கோமகன் சேகரிப்பிலிருந்து 'லாசரஸ் உயிர்த்தெழுதல்' என்ற செபாஸ்டியானோ டெல் பியோம்போவின் பிரம்மாண்டமான ஓவியத்தை 3,500 கினி கொடுத்து வாங்கினார். 1823 ஜனவரி 22இல் அவர் இறந்தார். அடுத்த வருஷம் பிரிட்டிஷ் அரசு அவருடைய 38 ஓவியங்களை 57,000 பவுண்டுக்கு வாங்கி, அதே வீட்டில் 1824 மே 10 அன்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இதுதான் பிரிட்டனின் தேசிய ஓவியக்கூடம். டிரஃபால்கர் சதுக்கத்துக் கட்டிடம் 1838இல்தான் வந்தது. செத்தவன் எழுந்து வருகிற அந்த லாசரஸ்தான் கூடத்தின் பதிவேட்டில் எண் 1.

அந்த 38இல் கிளாட் வரைந்த துறைமுகங்களும் உண்டு. ஷீபா நாட்டு ராணி கப்பலேறுகிறாள். புனித உர்சுலா கப்பலேறுகிறாள். தங்க வெயில், அமைதியான அலை, பளிங்குத் தூண்கள். சங்கிலி இல்லை, நாற்றம் இல்லை. ஹோகார்த்தின் 'நாகரிகத் திருமணம்' வரிசையின் ஆறு ஓவியங்களும் அவரிடம் இருந்தன. அந்தஸ்தையும் பணத்தையும் மேஜையில் வைத்துப் பேரம் பேசி நடக்கிற கல்யாணம், கடைசியில் நாசமாகிறது. அதில் ஒரு காட்சியில் கறுப்பினப் பணியாள் ஒருவன் சாக்லேட் பானம் பரிமாறுகிறான், கீழே ஒரு கறுப்பினச் சிறுவன் பொம்மையோடு உட்கார்ந்து சிரிக்கிறான். சட்டகத்துக்குள் அவர்கள் இருக்கிறார்கள். சட்டகத்தை வாங்கிய பணத்திலும் இருக்கிறார்கள். 1824இல் அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்த்த லண்டன்வாசிக்கு, கரீபியத் தீவுகளில் அடிமை முறை அன்றும் சட்டபூர்வமாகவே நடந்துகொண்டிருந்தது என்பது தெரிந்த சேதிதான்.

ஓவியத்தை ரசிக்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அழகு பொய் என்றும் சொல்லவில்லை. அழகுக்குக் கீழேயும் ஒரு கையெழுத்து இருக்கிறது, அவ்வளவுதான்.

5

பிரெஞ்சுச் சிந்தனையாளர் பிரான்சுவா எவால்ட், ஃபூக்கோவின் மாணவர், ஒரு முக்கியமான விஷயத்தைச் சுட்டிக்காட்டுகிறார். தன்னளவில் எதுவுமே 'ரிஸ்க்' கிடையாது. ஆனால் எதை வேண்டுமானாலும் ரிஸ்க் ஆக்கலாம். ஆபத்து வெளியே இருக்கிறது, ரிஸ்க் கணக்குப் புத்தகத்தில் பிறக்கிறது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி: எதை ரிஸ்க் என்று எழுதலாம் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? அடிமைக் கப்பலின் பாலிசியில் கலகம் ஒரு ரிஸ்க். யாருக்கு? கப்பல் முதலாளிக்கு. கீழ்த்தட்டில் படுத்துக் கிடந்தவனுக்கு அந்தக் கப்பலே ஆபத்து, கலகம்தான் ஒரே நம்பிக்கை. 1906ஆம் வருஷத்துச் சட்டம் படிவத்திலுள்ள சொற்களுக்கு விளக்கம் கொடுக்கும்போது, கடற்கொள்ளையர் என்றால் கலகம் செய்கிற பயணிகளும் அடங்குவார்கள் என்கிறது. கரையிலிருந்து கப்பலைத் தாக்குகிற கலவரக்காரர்களும் அடங்குவார்களாம். எதிர்த்தவனுக்கு இந்த அகராதியில் கிடைத்த பெயர் கொள்ளையன்.

'அப்போ இன்சூரன்ஸே வேண்டாங்கிறீங்களா?' என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. இதே பகிர்வுக் கணக்கிலிருந்துதான் தொழிலாளர் நஷ்டஈடும், ஈ.எஸ்.ஐ.யும், முதியோர் பென்ஷனும் வந்தன. அவற்றை இயக்கங்கள் போராடி வாங்கின. இடியை ஐம்பது பேர் பகிர்ந்துகொள்வது நல்ல விஷயம். அந்த ஐம்பதில் யார் சேர்த்தி, யார் சரக்கு என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. அடிமைகளுக்கு அல்ல, உடைமைக்காரர்களுக்கு. உலகத்தின் ஆகப் பெரிய கிளெய்ம் செட்டில்மெண்ட் என்று நான் இதைச் சொல்லுவேன்: சரக்கு மனிதனாகிவிட்டது, அதனால் நஷ்டம், நஷ்டத்துக்குப் பணம். அதற்காக வாங்கிய கடனின் மிச்சத்தைப் பிரிட்டன் 2015இல்தான் அடைத்து முடித்தது. அதுவரை வரி கட்டியவர்களில் அந்த அடிமைகளின் கொள்ளுப் பேரப்பிள்ளைகளும் உண்டு. 2020 ஜூனில், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு எழுந்த அலையில், அடிமை வியாபாரத்தில் தனக்கிருந்த பங்குக்காக லாயிட்ஸ் மன்னிப்புக் கேட்டது. தன் ஆவணங்களை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. 2023 நவம்பரில் அந்த ஆய்வு வெளிவந்தபோது பணம் ஒதுக்குவதாகவும் அறிவித்தது. நல்லது. ஆனால் மன்னிப்பும் ஒரு கிளெய்மை முடித்து வைக்கிற காரியம் ஆகிவிடக்கூடாது. கோப்பு மூடப்பட்டது என்று முத்திரை குத்துவது எங்கள் தொழிலில் ரொம்பச் சுலபம்.

என் மேஜைக்கு ஒருமுறை ஒரு தனிநபர் விபத்துக் கோப்பு வந்தது. கடன்பட்டிருந்த கூலித்தொழிலாளி ஒருவர் கிணற்றில் விழுந்து இறந்திருந்தார். விழுந்தாரா, குதித்தாரா? விழுந்தால் பணம் உண்டு. குதித்தால் விலக்குப் பிரிவு. போலீஸ் அறிக்கையை வைத்துக் கோப்பில் 'குதித்தார்' என்று நான்தான் குறிப்பு எழுதினேன். சட்டப்படி சரி. மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். அவருடைய மனைவி இரண்டு தடவை வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

ஜோன்ஸ் எதிர் ஷ்மோல் வழக்கைப் படித்தபோது அந்தப் பெஞ்ச் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டும் ஒன்று என்று நான் சொன்னால் அது அடிமைக் கப்பலுக்குச் செய்கிற அவமரியாதை. அங்கே மனிதனையே விலைக்கு வாங்கியிருந்தார்கள். இங்கே அப்படி இல்லை. ஆனால் சாவைத் தரம் பிரிக்கிற அந்தக் கட்டத்துக்குள் என் பேனாவும் ஒரு தடவை நுழைந்துவிட்டு வந்திருக்கிறது. கசப்பில் செத்தவருக்குப் பணமில்லை என்று நானும் எழுதியிருக்கிறேன்.

எழுதுகிறவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ஆவணக் காப்பகத்தில் அடிமையின் குரல் இல்லை, தலித்தின் குரல் இல்லை, கூலியின் குரல் இல்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது உண்மை. குரல் இல்லாத இடத்தில் விலக்குகளைப் படியுங்கள். எதற்கெல்லாம் பணம் கிடையாது, யாரெல்லாம் இதில் அடங்க மாட்டார்கள், எந்தச் சாவு கணக்கில் சேராது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்களே, அதைப் படியுங்கள். ஆங்கர்ஸ்டைனின் பெயர் தாளின் கீழே தெளிவாக இருக்கிறது. கடலில் குதித்தவளின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அவளுக்குப் பணம் கொடுக்க முடியாது என்று எழுதியிருக்கிறார்களே, அந்த ஒரு வரியில் அவள் இருக்கிறாள்.